புது வீல் ஸ்டட் (சக்கர நட் மாட்டும் போல்ட்) ஹப் துளையில், அதாவது சக்கரம் உட்காரும் நடுப்பகுதியின் துளையில், முழுசாக இறங்காமல் பாதியில் நிற்கிறதா?

நட்டைத் திருப்பிப் போடுங்கள்: கூம்பு முகம் வெளியே, தட்டை முகம் ஹப் பக்கம். நடுவில் கிரீஸ் தடவிய தடித்த வாஷர் நான்கைந்து கோத்து, கை ஸ்பேனரால் இறுக்குங்கள். பாதியில் நிற்கும் ஸ்டட் முழுசாக வந்துவிடும்.

பெரும்பாலும் கூம்பு முகம் வாஷரைக் கடித்துக்கொள்வதுதான் காரணம். ஸ்டட்டின் பல்வரிகள் (தலைக்குக் கீழே உள்ள நீள வரிகள்) ஹப்பின் பழைய வரிகளோடு சேராவிட்டாலும் இப்படி ஆகும். அப்படியானால் தட்டி எடுத்து, கையால் மெல்லத் திருப்பிப் பொருத்திவிட்டு இழுங்கள்.

அப்புறம் பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்டட் தலைக்கும் ஹப்புக்கும் நடுவே தாள் நுழையும் இடைவெளிகூட இருக்கக் கூடாது. இருந்தால், ஓட்டத்தில் ஸ்டட் நகர்ந்து நட் தளர்ந்துவிடும். இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

இம்பாக்ட் கன் (அடித்து இறுக்கும் மெஷின்) வேண்டாம், மரை கெட்டுவிடும். ஸ்டட்டை இழுத்த நட்டைச் சக்கரத்துக்குப் போடாதீர்கள். மரையில் ஒட்டிய கிரீஸைத் துடைத்துவிடுங்கள். 80 கி.மீ. ஓடியதும் சக்கர நட்டுகளின் இறுக்கத்தை டார்க் ரெஞ்சில் (இறுக்கும் அளவு காட்டும் ஸ்பேனர்) ஒருமுறை சரிபாருங்கள்.

ஸ்டட் சும்மா சுற்றினால் ஹப் துளை தேய்ந்திருக்கிறது. அதற்கு வாஷர் வேலை உதவாது.