மூன்று மாதம் கசாயம் குடித்துப் பார்க்கலாமா?

டாக்டரான எனக்கு வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒன்றேதான்: ஆஸ்பத்திரி வைத்தியத்துக்குப் பதிலாகவோ கூடவோ நாட்டு மருந்து எடுக்கலாமா என்பது. ஊர் மட்டும் வேறு.

மனைவிக்கு 46 வயது. மார்பில் கட்டி. ஊசி போட்டு சதை எடுத்துப் பார்த்ததில் புற்றுநோய், இரண்டாம் நிலை என்கிறார்கள். கத்தி பட்டால் பரவும், மூன்று மாதம் ஆசான் (நாட்டு வைத்தியர்) தரும் கசாயத்தைக் குடித்துப் பார்க்கலாம், அப்புறம் ஆபரேஷன் என்கிறார் மைத்துனர். (குலசேகரம்)

மூன்று மாதம் கழித்துக் கட்டி பெருத்து, அக்குளிலும் நெறி கட்டியிருந்தால் ஆசான் என்ன செய்வார் என்று மைத்துனரிடம் கேளுங்கள். "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க" என்பார், வேறென்ன. கத்தி பட்டால் பரவும் என்ற பேச்சு வந்த வழி எனக்குத் தெரியும்: கட்டி புண்ணாகி நாற்றமெடுத்த பிறகுதான் அந்தக் காலத்தில் கூட்டி வருவார்கள், அதற்குள் எலும்புக்கும் கல்லீரலுக்கும் போயிருக்கும், ஆபரேஷன் முடிந்து ஆறு மாதத்தில் ஆள் போய்விட்டால் பழி கத்தி மேல். இரண்டாம் நிலை என்பது குணப்படுத்தவே வைத்தியம் பார்க்கிற நிலை. 2018இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், நோய் தூரப் பரவாதபோதே மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிய மார்பகப் புற்றுநோயாளிகள் இறக்கும் அபாயம், வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களைவிட ஐந்து மடங்குக்கு மேல். அது நம்மூர் வைத்தியமில்லையே என்பீர்கள், சரி, ஆனால் அவர்கள் வேண்டாமென்று விட்டது இதே ஆபரேஷனையும் கீமோவையும்தான்.

பணம்தான் தயக்கமென்றால் அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போங்கள். திருவனந்தபுரம் ஆர்.சி.சி. (மண்டலப் புற்றுநோய் மையம்) தான் என்றால், அட்டை அங்கே செல்லுமா என்று பஸ் ஏறும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

அப்பாவுக்குத் திருவனந்தபுரத்தில் கீமோ ஓடுகிறது. கூடவே கசாயமும் ஒரு பற்பமும் (புடம் போட்ட பொடி) கொடுக்கிறோம். டாக்டரிடம் சொன்னால் திட்டுவாரே? (களியக்காவிளை)

திட்டட்டும், சொல்லிவிடுங்கள். என்னிடம் வந்த ஒருவருக்குக் கல்லீரல் டெஸ்ட் திடீரென்று ஏறியது. கீமோவால்தான் என்று நினைத்து மருந்தைக் குறைத்தேன், ஒரு தவணையைத் தள்ளியும் வைத்தேன். மூன்றாவது வாரம் மகள் ஹார்லிக்ஸ் பாட்டிலில் கறுப்பாக எதையோ கொண்டு வந்து மேசைமேல் வைத்து, "இதைத்தான் சார் ரெண்டு நேரமும் குடிக்கார்" என்றாள். நிறுத்தியதும் இறங்கியது. தேவையான மருந்தைக் குறைத்தது நான், அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. சில பற்ப செந்தூரங்களில் பாதரசம், ஈயம் உண்டு. கீமோவில் களைத்த உடம்புக்கு அது கூடுதல் சுமை. அடுத்த முறை போகும்போது பாட்டிலையும் பொட்டலத்தையும் பையில் போட்டுக் கொண்டு போங்கள், பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

முள்சீத்தா இலைக் கசாயம் கீமோவைவிட வலுவானதாமே? (கருங்கல்)

சோதனைக் குழாயில் புற்றுச் செல்லைக் கொல்லும், அவ்வளவுதான். சோதனைக் குழாயில் பினாயிலும் கொல்லும். இதை நிறையச் சாப்பிடும் கரீபியன் தீவான குவாதலூப்பில், பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய்க்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகச் சந்தேகிக்கிறார்கள். பழத்தை எப்போதாவது சாப்பிடுங்கள், இலையைக் காய்ச்ச வேண்டாம்.

மகளுக்கு 11 வயது, டைப் 1 சர்க்கரை. இன்சுலினை நிறுத்திவிட்டு நாட்டு மருந்துக்கு மாறலாமா? (பாறசாலை)

கூடாது. ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் என்று வந்தால் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரி.

அப்படியானால் நாட்டு வைத்தியமே வேண்டாம் என்கிறீர்களா, டாக்டர்? (மார்த்தாண்டம்)

என் முழங்காலுக்கு நானே முறிவெண்ணெய்தான் தேய்க்கிறேன், சுகமாகத்தான் இருக்கிறது. கீமோ முடிந்த பிறகு உடம்புவலிக்கு எண்ணெய், நல்ல தூக்கம், வாய்க்குப் பிடித்த கஞ்சி எல்லாம் தாராளமாக, உங்கள் டாக்டருக்குத் தெரிந்து செய்யுங்கள். செடியில் மருந்தில்லை என்றும் நான் சொல்லவில்லை. உங்கள் முற்றத்தில் பூத்திருக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் குழந்தைகளின் ரத்தப் புற்றுக்குத் தரும் வின்கிறிஸ்டின் வருகிறது. அதைப் பிரித்தெடுத்து, ஒரு தடவைக்குப் பொதுவாக 2 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் அளந்து கொடுக்கிறோம், அளவு கூடினால் நரம்பு போய்விடும். அதனால் இதைப் படித்த கையோடு இலையைப் பறித்து அரைத்துக் குடித்துவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.