ஆறு கீழே, பாதை மேலே: லொத் பள்ளத்தாக்கில் சரளைப் பாதைப் பயணம் (வாசகர் கேள்வி பதில்)

தென்மேற்குப் பிரான்சில் லொத், செலே ஆகிய இரண்டு ஆறுகளின் பள்ளத்தாக்குகளில் கிராவல் சைக்கிளில் (சரளைப் பாதைக்கு ஏற்ற, அகன்ற டயர் கொண்ட சைக்கிள்) சென்று வந்ததைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் அளிக்கிறேன்.

கேள்வி: கஓர் நகரிலிருந்து கிழக்கே, லொத் ஆற்றை ஒட்டியே தார் போடாத பாதையில் போய்விடலாம் என்று எண்ணி வரைபடத்தைப் பார்த்தேன். மண்பாதைகள் எல்லாம் பாதியிலேயே முடிந்துவிடுகின்றனவே, ஏன்? வழித்தடத்தை எப்படித்தான் அமைப்பது?

பதில்: நீங்கள் பார்த்தது சரிதான். சுண்ணாம்புக்கல் மேட்டை அறுத்துக்கொண்டு ஓடும் லொத், பாம்புபோல் வளைந்து வளைந்து செல்கிறது. ஒவ்வொரு வளைவிலும் வெளிப்பக்கத்தில் செங்குத்தான பாறைச் சுவர் நேராகத் தண்ணீரில் இறங்குகிறது. உட்பக்கத்தில் வண்டல் படிந்த சமநிலம் விளைநிலமாக இருக்கிறது. அந்த வயல்களுக்குப் போகும் டிராக்டர் தடங்களைத்தான் நீங்கள் வரைபடத்தில் கண்டீர்கள். அவை வயலோடு நின்றுவிடும். அடுத்த வளைவுக்குப் போகத் தார்ச்சாலைதான் உண்டு.

சரளைப் பாதைகள் இருப்பது மேலே, 'கோஸ்' என்று அங்கே அழைக்கப்படும் வறண்ட மேட்டுநிலத்தில். ஆடுகளை ஓட்டிச் செல்லவும் ஊருக்கு ஊர் நடந்து போகவும் ஏற்பட்ட பழைய தடங்கள், சாந்து பூசாமல் அடுக்கிய இடுப்பளவுக் கல்வேலிகளுக்கு இடையே, குட்டையான ஓக் மரங்களையும் ஜூனிப்பர் புதர்களையும் கடந்து செல்கின்றன. எனவே பள்ளத்தாக்கு உணவுக்கும் உறக்கத்துக்கும், மேட்டுநிலம் சவாரிக்கும் என்று பிரித்துக்கொண்டு, நாளுக்கு ஒரு ஏற்றம், ஒரு இறக்கம் என்ற அளவில் இரண்டையும் இணைத்தால் தடம் தானாக அமைந்துவிடும். ஏற்றம் ஒவ்வொன்றும் இருநூறு மீட்டர் உயரத்துக்கு முன்பின்னாக இருக்கும்.

நான் பரிந்துரைப்பது கஓரில் தொடங்கிக் கஓரிலேயே முடியும், ஏறக்குறைய 130 கிலோமீட்டர் கொண்ட மூன்று நாள் சுற்று. கிழக்கே பூஸியேஸ் வரை சென்று, அங்கிருந்து செலே பள்ளத்தாக்கில் நுழைந்து, கப்ரரே வழியாகப் பழைய மடாலயம் உள்ள மர்சியாக் வரை போகவேண்டும். அங்கே மேட்டில் ஏறி, குறுக்கே கடந்து, மீண்டும் லொத் கரையிலுள்ள கஜார்க்கில் இறங்கலாம். மூன்றாம் நாள் கஜார்க்கிலிருந்து தென்பக்க மேட்டில் ஏறி லிமோஞ், வரேர் ஆகிய ஊர்களைக் கடந்து கஓர் திரும்பும்போதுதான் இந்தச் சுற்றின் மிகச் சிறந்த பகுதி வருகிறது. 'காமி ஃபெர்ரா' என்ற பெயர் கொண்ட பழைய ரோமானிய வழித்தடம் அது. ஸ்பெயினிலுள்ள சாண்டியாகோ திருத்தலத்துக்குச் செல்லும் யாத்திரிகர்கள் இன்றும் நடந்து செல்லும் அந்த வெண்சரளைப் பாதை, ஓக் தோப்புகளுக்கிடையே நெடுந்தொலைவு நேராகப் போகிறது. கால்களுக்கு ஒரு தாளம் கிடைத்துவிட்டால், நிறுத்தவே மனம் வராது.

கேள்வி: 32 மில்லிமீட்டர் டயர் போதுமா?

பதில்: போதாது. மழை பெய்தாலும் கோஸ் நிலத்தில் சேறு தங்குவதில்லை. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகள் வழியாக நீர் உடனே கீழே இறங்கிவிடுகிறது. ஆனால் அதே கல்தான் உடைந்து கூரான விளிம்போடு பாதையில் கிடக்கிறது. டயரின் பக்கச் சுவரைக் கிழிப்பது பெரும்பாலும் அதுதான். 45 மில்லிமீட்டர் அகலமுள்ள டியூப்லெஸ் டயரைப் பூட்டி, உங்கள் எடை எழுபது கிலோ அளவில் இருந்தால் காற்றழுத்தத்தை இரண்டு முதல் இரண்டரை பார் (அழுத்த அலகு) வரை வைத்துப் பாருங்கள். கிழிசலுக்கு உள்ளே வைத்து அடைக்க, பழைய டயரிலிருந்து வெட்டிய ஒரு துண்டைக் கருவிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கியர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். முன் பல்சக்கரத்தில் உள்ள பற்களுக்குக் குறையாத எண்ணிக்கையில் பின்னால் பற்கள் இருந்தால்தான், பையைச் சுமந்துகொண்டு மேட்டில் ஏறுவது இயலும். இறங்கும்போது முஷ்டி அளவுக் கற்கள் உருளும் தடங்கள் சில உண்டு. அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போவதே நல்லது.

கேள்வி: ஆறு இருக்கும்போது தண்ணீருக்கு என்ன குறை? இரண்டு பாட்டில் எடுத்துச் சென்றால் போதும்தானே?

பதில்: எனக்கு வந்த கேள்விகளில் மிகவும் கவலை தந்தது இதுதான். ஆறு உங்களுக்கு இருநூறு மீட்டர் கீழே இருக்கும். நீங்கள் போகும் மேட்டிலோ மழைநீர் முழுவதும் நிலத்தடிக் குகைகளுக்குப் போய்விடுவதால் ஓடையோ ஊற்றோ தென்படுவது அரிது. ஆடுகளுக்காகப் பாறையைக் குடைந்து வெட்டிய சிறு குட்டைகளை ஆங்காங்கே காண்பீர்கள். அந்த நீர் மனிதர் குடிப்பதற்கன்று.

ஒரு ஜூலை மாதத்தில் லிமோஞ் பக்கத்து மேட்டில் காலை பதினொரு மணிக்குள் எனது இரண்டு பாட்டில்களும் காலியாகிவிட்டன. வெள்ளைக் கல்லில் பட்டுத் தெறித்த வெயில் கீழிருந்தும் முகத்தைச் சுட்டது. வேலியோரத்து நிழலில், கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம் கொண்ட அந்த வட்டாரத்து ஆடுகள் தலையை ஒன்றன் வயிற்றடியில் ஒன்று புதைத்துக்கொண்டு அசையாமல் நின்றன. அவற்றைப் பார்த்த பிறகுதான், அந்த நேரத்தில் அங்கே நடமாடக்கூடாது என்பது எனக்கு உறைத்தது. பத்து வீடுகள்கூட இல்லாத ஒரு சிற்றூரின் கல்லறைத் தோட்டத்தில், பூச்செடிகளுக்கு ஊற்றுவதற்காகப் பச்சை நிறப் பூவாளிகளை வரிசையாக மாட்டியிருந்த சுவரின் கீழே ஒரு குழாய் இருந்தது. திருகியதும் முதலில் சூடாகவும் பிறகு குளிர்ந்தும் தண்ணீர் வந்தது. பிரான்சின் கிராமப்புறங்களில் நீண்டதூரம் சைக்கிள் ஓட்டுபவர்கள் எல்லாரும் அறிந்த வழி இது. பெரும்பாலான கல்லறைத் தோட்டங்களில் குழாய் உண்டு. 'ஓ நோன் பொத்தாப்ல்', அதாவது குடிநீர் அன்று, என்ற பலகை இல்லையா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். யாரேனும் சமாதி முன் நின்றுகொண்டிருந்தால், அவர்கள் போகும்வரை வெளியே காத்திருங்கள்.

கோடையில் ஆளுக்கு மூன்று லிட்டருக்குக் குறையாமல் எடுத்துச் செல்லவேண்டும் என்பது எனது உறுதியான கருத்து. உணவிலும் இதே எச்சரிக்கை தேவை. சிற்றூர்க் கடைகள் நண்பகலில் இரண்டு மணி நேரமாவது மூடப்படும்; ஞாயிறு பிற்பகலிலும் திங்களன்றும் பல கடைகள் திறப்பதே இல்லை.

கேள்வி: அந்தப் பாதைகளில் சைக்கிள் ஓட்ட அனுமதி உண்டா? யாருடைய நிலமென்று எப்படித் தெரியும்?

பதில்: 'ஷ்மேன் ரூரால்' எனப்படும் ஊர்ப் பாதைகள் அந்தந்த ஊராட்சிக்குச் சொந்தமானவை, பொதுமக்கள் பயன்பாட்டுக்கு உரியவை, தடைப் பலகை இல்லாதவரை அவற்றில் சைக்கிள் ஓட்டலாம். வெள்ளை, சிவப்புக் கோடுகளால் குறிக்கப்பட்ட நெடுந்தூர நடைபாதைகள் நடப்பவர்களுக்காக ஏற்பட்டவை என்பதால், அங்கே எப்போதும் அவர்களுக்கே முன்னுரிமை. மணியை அடிப்பதைவிட, வேகத்தைக் குறைத்து 'போன்ஜூர்' சொல்வது நல்லது. தனியார் நிலமென்று கண்ணுக்குத் தெரியும்படி குறிக்கப்பட்ட இடத்தில் நுழைவது 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றம். அபராதம் 135 யூரோ. திறந்த கேட்டைத் திறந்தபடியும், மூடிய கேட்டை மூடியபடியும் விட்டுச் செல்லுங்கள்.

செப்டம்பரிலிருந்து பிப்ரவரி இறுதி வரை வேட்டைக் காலம். வழியில் வேட்டை நடப்பதாகப் பலகை வைத்திருந்தால், தாமதிக்காமல் வேறு வழியில் திரும்பிவிடுங்கள். ஒளிரும் மேலாடை அணிவது அந்த மாதங்களில் அவசியம். ஊருக்கு வெளியே இரவிலும், பார்வைக் குறைவான நேரத்திலும் அது சட்டப்படியே கட்டாயம்.

கேள்வி: பூஸியேஸ் அருகே பாறையைக் குடைந்த பாதையில் சைக்கிளோடு போகலாமா? பெஷ் மெர்ல் குகையையும் அதே நாளில் பார்க்க முடியுமா?

பதில்: படகுகளைக் கயிறு கட்டி ஆற்றோட்டத்துக்கு எதிராக இழுத்துச் செல்வதற்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் செதுக்கிய கரைப்பாதை அது. தலைக்கு மேல் பாறை கவிந்திருக்கும். ஒரு பக்கம் ஆறு. டானியல் மோனியே என்ற சிற்பி மீன்களையும் சிப்பிகளையும் அந்தப் பாறைச் சுவரிலேயே புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார். மிகக் குறுகலாக இருப்பதாலும் நடப்பவர்கள் நிறைய வருவதாலும் அங்கே சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் செல்லவேண்டும். பாறை சரிவதை முன்னிட்டு மூடப்பட்டிருக்கிறதா என்று முன்னதாகவே விசாரித்துக்கொள்ளுங்கள்.

1922-இல் இரண்டு சிறுவர்கள் கண்டுபிடித்த பெஷ் மெர்ல் குகை, கப்ரரே ஊருக்கு மேலே இருக்கிறது. ஏறக்குறைய 29,000 ஆண்டுகளுக்கு முந்தைய புள்ளிக் குதிரை ஓவியங்களை அங்கே நேரில் காணலாம். ஓவியங்களைக் காப்பதற்காக ஒரு நாளைக்கு 700 பேரைத்தான் அனுமதிக்கிறார்கள். முன்பதிவு செய்யாமல் ஏறிப் போய் ஏமாறவேண்டாம். வியர்த்த உடையோடு உள்ளே போனால் குளிர் தாக்கும் என்பதால், ஒரு மெல்லிய ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும்.

கேள்வி: பாரிஸிலிருந்து ரயிலில் சைக்கிளைக் கொண்டு போகலாமா? எந்த மாதம் நல்லது?

பதில்: ஆஸ்தர்லிட்ஸ் நிலையத்திலிருந்து கஓருக்கு நேரடி ரயில் உண்டு. சைக்கிளுக்கும் இடம் முன்பதிவு செய்யவேண்டும். டிக்கெட் வாங்கும்போதே அதையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். மே, ஜூன் மாதங்கள் சிறந்தவை. செப்டம்பரின் தொடக்கமும் நன்று.

கேள்வி: எனக்கு 64 வயது, மனைவிக்கு முழங்கால் வலி. ஏற்றம் இல்லாமல் இந்தப் பள்ளத்தாக்கைப் பார்க்க வழியில்லையா?

பதில்: நீங்கள் இருவரும் கஓரிலிருந்து கிழக்கே போகாமல் மேற்கே போங்கள். எகியோன் வரை ஏறக்குறைய 160 கிலோமீட்டருக்கு லொத் பள்ளத்தாக்கின் சைக்கிள் வழித்தடம், வி86 என்ற எண்ணோடு, போக்குவரத்துக் குறைந்த சிறு சாலைகளில் செல்கிறது. பள்ளத்தாக்கு அங்கே அகன்றுவிடுவதால் பாறைக்குப் பதில் மால்பெக் திராட்சைத் தோட்டங்கள் வரும். தார்ச்சாலைதான் என்றாலும், தோட்டங்களுக்கிடையே செல்லும் வெண்மண் தடங்களில் முழங்கால் அனுமதிக்கும் அளவுக்குச் சிறிது தூரம் போய்த் திரும்பலாம். 'அக்கேய் வேலோ', அதாவது சைக்கிள் வரவேற்பு, என்ற பலகை உள்ள விடுதிகளில், சைக்கிளைப் பத்திரமாக வைக்க இடம் தருவார்கள். ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர் போதும்.