பெரியம்மாவின் கையும் விற்கப் பார்க்கும் நிலமும்

போன வாரம் கும்பகோணம் பக்கத்திலிருந்து ஓர் அப்பாவும் மகளும் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தார்கள். உயிரியலும் கணிதமும் படித்து இந்த வருடம் பிளஸ் டூ முடித்த பெண். நீட் மதிப்பெண் அரசுக் கல்லூரிக்குப் போதவில்லை. பேசிக்கொண்டிருந்த அரை மணி நேரத்தில் தாய்மாமா மூன்று முறை போன் செய்துவிட்டார். லாங் டெர்ம் கோச்சிங்கில் சேர்க்க வேண்டுமாம். அதிலும் வரவில்லை என்றால் நிலத்தை விற்று நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சீட் வாங்க வேண்டுமாம். (நிலம் இவர்களுடையது, மாமாவுடையது அல்ல.)

முதலில் ஆறுதலாகத்தான் பேசினேன். அந்தப் பெண் வாயைத் திறந்ததும் நிறுத்திவிட்டேன். அவளுடைய பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் அறுவை நடந்தபோது அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களை எடுத்திருக்கிறார்கள். திசுக்களில் தேங்கும் நீரை வடிக்கும் நிணநீர்க் குழாய்களும் அதோடு அறுந்துவிட்டன. அதிலிருந்து கை வீங்கியே இருக்கிறது. இறுக்கக் கட்டுப் போட்டால் வடிகிறது, விட்டால் ஏறிவிடுகிறது. "அறுந்த குழாய்க்குப் பதிலா புதுசா ஒண்ணு வளர்க்க முடியாதா சார்?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்வியோடு உலகத்தில் பலர் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். நிணநீர்க் குழாய்களை வளரத் தூண்டும் விஇஜிஎஃப்-சி என்ற புரதத்தை 1996இல் ஹெல்சின்கியில் காரி அலிட்டாலோவின் குழு கண்டறிந்தது. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதுபோல, கொலாஜன் என்ற புரதத்தின் நுண்ணிய இழைகளை ஒரே திசையில் அடுக்கித் தோலுக்கடியில் வைத்து, அதைப் பிடித்துக்கொண்டு புதுக் குழாய்கள் வளர்கின்றனவா என்றும் பார்க்கிறார்கள். சிக்கல் நிறைய. அந்தக் குழாய்ச் சுவர் மிக மெல்லியது. உள்ளே நீர் திரும்பி வராமல் தடுக்கும் குட்டி வால்வுகளும் வேண்டும். புற்றுநோய் வந்த உடம்பில் வளர்ச்சிப் புரதத்தைச் செலுத்தினால் நோயையே கிளப்பிவிடுமோ என்ற பயமும் உண்டு. பின்லாந்தில் அந்தப் புரதத்தின் மரபணுவைக் கொண்டு செய்த இரண்டாம் கட்டப் பரிசோதனையில் எதிர்பார்த்த பலன் உறுதியாகவில்லை. ஆக, வேலை பாக்கி இருக்கிறது.

இதற்கு எம்பிபிஎஸ்தான் வாசல் என்று யார் சொன்னது? ஐசர் என்ற பெயரை அந்த அப்பா கேள்விப்பட்டதே இல்லை. மத்திய அரசின் ஏழு அறிவியல் கல்வி நிறுவனங்கள் அவை. ஐந்து வருட பிஎஸ்-எம்எஸ் படிப்பு. ஐஏடி என்ற தனி நுழைவுத் தேர்வில் 60 கேள்விகள். இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் ஒவ்வொன்றிலும் 15. நீட்டுக்குப் படித்த பிள்ளைக்கு முக்கால்வாசி ஏற்கெனவே தெரியும், கணிதத்தைத்தான் தூசி தட்ட வேண்டும். முந்தைய வருடம் முடித்தவர்களும் எழுதலாம். ஆனால் எந்த வருடம் பிளஸ் டூ முடித்தீர்கள் என்பதற்கு வரம்பு உண்டு. வருடக்கணக்கில் நீட்டையே எழுதிக்கொண்டிருந்தால் இந்தக் கதவும் சாத்திவிடும்.

நான் திருவனந்தபுரம் ஐசரைச் சொன்னேன். அதே மாவட்டத்தில் பூஜப்புரையில், மத்திய அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனமான ஸ்ரீ சித்ராவின் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு இருக்கிறது. 1990இல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்திய சித்ரா இதய வால்வு அங்கே உருவானதுதான். உடல் திசுக்களை ஆய்வகத்தில் வளர்க்கப் பார்க்கும் திசுப்பொறியியல் ஆய்வும் நடக்கிறது. ஐசரில் கடைசி வருடம் ஆய்வுக்கே என்பதால் அப்படியோர் இடத்தின் கதவைத் தட்டிப் பார்க்கலாம்.

அப்புறம் பிஎச்டி. அதையும் மறைக்கவில்லை, மொத்தம் பத்து வருடம் ஆகும், அதன் பிறகும் வேலை வரிசையில் நிற்காது. ஆனால் நெட் என்ற தேசியத் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், வாடகைப்படி தனி. நிகர்நிலையில் எம்பிபிஎஸ் முடிக்க ஒரு கோடியைத் தாண்டும். முடித்ததும் மேற்படிப்புக்கு இன்னொரு நீட் காத்திருக்கும். அந்த நிலத்தை விற்க நான் சம்மதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இப்போதைக்கு அரசுக் கலைக் கல்லூரியில் பிஎஸ்சி விலங்கியலில் சேரட்டும், அடுத்த ஐஏடியை எழுதட்டும். கிடைக்கவில்லை என்றால் பிஎஸ்சியை முடித்துவிட்டு ஐஐடி போன்ற இடங்களில் முதுகலை சேர ஜாம் என்ற நுழைவுத் தேர்வு எழுதலாம். அதுவரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

கிளம்பும்போது நான்காவது முறையாக போன் அடித்தது. மாமாவை அடுத்த சனிக்கிழமை என்னிடம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.