மேகக் கணிமை இருக்கும்போது மீத்திறன் கணினி எதற்கு?

வேண்டிய அளவு கணினிகளை மேகக் கணிமையில் இணையம் வழியே வாடகைக்கு எடுக்க முடிகிறபோது, பெரும்பணம் செலவிட்டு, ஆயிரக்கணக்கான செயலிகளை ஒன்றிணைத்த மீத்திறன் கணினி கட்டுவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். வேலையின் தன்மையைப் பொறுத்தே விடை அமையும். இலட்சக்கணக்கான மருந்து மூலக்கூறுகளைத் தனித்தனியே சோதிப்பது போன்ற, ஒன்றையொன்று சாராத கணக்குகளுக்கு மேகமே போதும். வானிலைக் கணிப்பு அப்படிப்பட்டதன்று. வளிமண்டலத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் தன் அண்டைக் கட்டங்களின் மதிப்புகளைப் பெற்ற பிறகே அடுத்த காலப்படிக்கு, அதாவது அடுத்த சிறு கால இடைவெளிக்கு, நகர வேண்டியிருப்பதால், ஒரு கணினி தாமதித்தால் மற்ற அனைத்தும் காத்து நிற்கும். ஆகவே, செயலிகளை இணைக்கும் அதிவேக வலையமைப்பையே மீத்திறன் கணினியின் உயிர்நாடி என்பேன். அத்தகைய வலையமைப்பைச் சில மேக நிறுவனங்களும் இப்போது தருகின்றன. மைக்ரோசாஃப்டின் அசூர் மேகத்தில் இயங்கும் 'ஈகிள்' 2023 நவம்பரில் மீத்திறன் கணினிகளின் உலகத் தரவரிசையில் மூன்றாமிடம் பெற்றது.

எதிர்காலத்தின் பெருந்தடை மின்சாரம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்திலுள்ள 'ஃபிரான்டியர்' மீத்திறன் கணினி, 2022இல் நொடிக்குப் பத்தாயிரம் கோடி கோடி கணக்கீடுகள் என்ற எல்லையைத் தாண்டியபோது, ஏறத்தாழ 21 மெகாவாட் மின்சாரத்தை உட்கொண்டது. அதே வடிவமைப்பை ஆயிரம் மடங்கு பெருக்கினால், 1,000 மெகாவாட் அணு உலைகள் 21 தேவைப்படும். கணக்கிடுவதைவிட, நினைவகத்திலிருந்து தரவைச் செயலிக்குக் கொண்டுவருவதற்கே பன்மடங்கு ஆற்றல் செலவாவது இதில் முதன்மையான சிக்கல். அதனால்தான் நினைவகத்தைச் செயலியை ஒட்டியே அடுக்குகிறார்கள். ஃபிரான்டியரில் இணைக்கப்பட்டுள்ள ஆயிரக்கணக்கான கணுக்களில் (தனித்தனிக் கணினிகளில்) ஏதேனும் ஒன்று பழுதடைவது இயல்பு என்பதால், கணக்கின் நிலையை அவ்வப்போது சேமித்துவைக்கவும் வேண்டியிருக்கிறது.