எடை மேடைக்கு எத்தனை ஆட்கள் வேண்டும்?

வாசகர் கேள்வி–பதில்: கணினிப் பகுதி

டெஸ்க்டாப் பிராசசரா, சர்வர் பிராசசரா என்ற ஒரே ஐயத்தை கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய நம் இரு மாவட்டங்களிலிருந்தும் பலர் கேட்டிருப்பதால், இந்த இதழில் அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். 'செயலி' என்ற நல்ல சொல்லைக் கைப்பேசி மென்பொருளுக்கு வழங்கிவிட்டோம். ஆகவே குழப்பம் வேண்டாம் என்று, கணினியில் கணக்குகளைச் செய்யும் மையச் சிப்பைப் 'பிராசசர்' என்றே குறிப்பிடுகிறேன். மேசைக் கணினிக்கானது டெஸ்க்டாப் பிராசசர்; பல கணினிகளுக்குப் பொதுவாக இயங்கும் சர்வர் கணினிக்கானது, இன்டெலின் ஸியான் போன்றது, சர்வர் பிராசசர்.

கேள்வி: ஐயா, காவேரிப்பட்டணம் அருகே ஒரு மாங்கூழ் ஆலையின் அலுவலகத்தைக் கவனித்து வருகிறேன். எடை மேடை, சரக்கு இருப்பு, விவசாயிகளுக்கான பட்டுவாடா, கணக்கு எல்லாவற்றுக்குமாக ஒன்பது கணினிகள் உள்ளன. அனைத்தும் ஒரே கணினியில் உள்ள தரவுத்தளத்தை நம்பி இயங்குகின்றன. அந்தக் கணினி பழையதாகிவிட்டது. பெங்களூரு எஸ்.பி. சாலை வியாபாரி ஒருவர், இன்டெல் ஸியான் இ5-2680 வி4 பிராசசர் இரண்டு பொருத்திய, 64 ஜிபி ரேம் கொண்ட பழைய சர்வர் ஒன்றைத் தருவதாகச் சொல்கிறார். ஏறக்குறைய அதே விலையில் இன்டெல் ஐ5-14500 பொருத்திய புதிய டெஸ்க்டாப்பும் கிடைக்கிறது. "இருபத்தெட்டு கோர் எங்கே, பதினான்கு கோர் எங்கே?" என்று வியாபாரி கேட்கிறார். எதை வாங்குவது?

பதில்: வியாபாரி சொல்லும் எண்ணிக்கை பொய்யல்ல. அந்த ஸியான் ஒவ்வொன்றிலும் 14 கோர்கள், அதாவது தனித்தனியே வேலை செய்யும் 14 பகுதிகள், உள்ளன. இரண்டுக்கும் சேர்த்து 28 கோர். ஆனால் உங்கள் ஆலை வாசலிலேயே இதற்கான விடை இருக்கிறது. பெங்களூரா மாங்காய் ஒரு லாரி வந்து இறங்கினால், அதைத் தரம் பிரிக்க இருபது பேரை நிறுத்தலாம். பத்துப் பேர் செய்வதைவிட வேலை சீக்கிரம் முடியும். லாரி எடை மேடையில் ஏறி நிற்கும்போதோ, பக்கத்தில் இருபது பேர் நின்றாலும் ஒரு நேரத்தில் ஒரு லாரியைத்தான் எடை போட முடியும். அங்கே எடை போடுகிறவரின் கைவேகம்தான் கணக்கு. கணினி வேலைகளும் இப்படி இரண்டு வகைப்படும். ஒன்பது பேர் ரசீது போடுவதும், இருப்பைப் பார்ப்பதும், மாலையில் ஒருவர் அறிக்கை எடுப்பதும் பெரும்பாலும் எடை மேடை வகையைச் சேர்ந்தவை. அவற்றுக்கு நாலைந்து கோர்கள் விரைந்து ஓடினால் போதும். மற்றவை சும்மா நிற்கும்.

ஒரு கோரின் வேகத்தைப் பார்த்தால், 2016-ல் வெளிவந்த அந்த ஸியான் அதிகபட்சம் 3.3 கிகாஹெர்ட்ஸ் (ஒரு கிகாஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு நூறு கோடி கடிகாரத் துடிப்பு) வரை செல்லும். 2024-ல் வெளிவந்த ஐ5-14500 அதிகபட்சம் 5 கிகாஹெர்ட்ஸைத் தொடும். வேறுபாடு இந்த இரண்டு எண்களோடு நிற்பதில்லை. புதிய தலைமுறை கோர் ஒவ்வொரு கடிகாரத் துடிப்பிலும் பழையதைவிட அதிக வேலையை முடிப்பதால், ரசீது அச்சாகக் காத்திருக்கும் லாரி ஓட்டுநருக்குத் தெரியும் வேறுபாடு இன்னும் பெரிது. ஐ5-14500-ல் உள்ள 14 கோர்களில் ஆறுதான் முழு வலுவுள்ளவை, எட்டு சிறியவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் அலுவலகத்துக்கு அந்த ஆறே தாராளம்.

அடுத்தது மின்சாரம். ஸியான் ஒவ்வொன்றும் 120 வாட் வெப்ப அளவுக்கு வடிவமைக்கப்பட்டது. ஐ5-14500-க்கு அடிப்படை அளவு 65 வாட். முழுச் சுமையில் புதியதும் அந்த அளவைத் தாண்டும் என்றாலும், அலுவலகக் கணினி நாளின் பெரும்பகுதியில் முழுச் சுமையில் இருப்பதில்லை. வேலையில்லாத நேரத்தில் எவ்வளவு இழுக்கிறது என்பதே மின் கட்டணத்தைத் தீர்மானிக்கும். இரண்டு பிராசசர், பல ரேம் அட்டைகள், ஓயாமல் சுழலும் சிறு மின்விசிறிகள் என்றிருக்கும் பழைய சர்வர், டெஸ்க்டாப்பைவிட 100 வாட் கூடுதலாக இழுப்பதாகவே வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 2.4 யூனிட், ஆண்டுக்கு 876 யூனிட் ஆகிறது. அது போக, மின்தடையின்போது யூபிஎஸ் தாங்கும் நேரமும் குறையும். பருவ காலத்தில் இரவும் பகலும் ஆலை ஓடும்போது நீங்கள் முதலில் வருந்தப்போவது இதைக் குறித்துத்தான். அந்த மின்விசிறிகளின் இரைச்சலைப் பற்றி வியாபாரி சொல்லியிருக்க மாட்டார். தனி அறை இல்லாத அலுவலகத்தில் அதன் அருகே அமர்ந்து கணக்கு எழுத முடியாது.

இவ்வளவும் சொன்ன பிறகு, சர்வர் பிராசசரின் பக்கம் ஒரு வலுவான நியாயம் உண்டு என்பதையும் எழுதியாக வேண்டும். அது கோர் எண்ணிக்கை அல்ல. இசிசி எனப்படும் பிழை திருத்தும் ரேம். சாதாரண ரேமில் 64 பிட் (சுழியம் அல்லது ஒன்று என்ற ஓர் இலக்கமே ஒரு பிட்) தரவு அப்படியே வைக்கப்படுகிறது. இசிசி ரேமில் அதனுடன் சரிபார்ப்புக்கான கூடுதல் பிட்டுகளும் (டிடிஆர் 4 என்ற ரேம் தலைமுறையில் எட்டு) சேர்த்து வைக்கப்படுவதால், ஒரு பிட் தானாக மாறிவிட்டால் அதைக் கண்டுபிடித்துத் திருத்தவும், இரண்டு பிட்டுகள் மாறினால் பிழை என்று அறிவிக்கவும் முடிகிறது. விண்வெளிக் கதிர்களின் விளைவாக வரும் நியூட்ரான், சிப்பைச் சுற்றியுள்ள பொருளில் இருக்கும் நுண்ணிய கதிரியக்கம், நலிந்துபோன ஒரு ரேம் செல் என்று பிட் மாறுவதற்குக் காரணங்கள் பல. கூகுள் தன் கணினிக் கூடங்களில் நடத்தி 2009-ல் வெளியான ஆய்வு, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கணினிகள் ஓராண்டுக்குள் ஒரு முறையாவது இத்தகைய திருத்தக்கூடிய பிழையைச் சந்தித்ததாகக் காட்டியது.

இதை உங்கள் கணக்கில் வைத்துப் பாருங்கள். எடைச் சீட்டில் 8,500 கிலோ என்ற எண் ரேமில் இருக்கும்போது அதன் ஒரே ஒரு பிட், அதாவது 16,384 என்ற மதிப்புள்ள இடத்தில் இருக்கும் சுழியம், ஒன்றாக மாறினால் சீட்டில் 24,884 கிலோ என்று வரும். இப்படிப்பட்ட பெரிய பிழை யார் கண்ணிலும் பட்டுவிடும். 8,500 என்பது 8,508 ஆனால் யாருக்கும் தெரியாது. அது அப்படியே வட்டில் எழுதப்பட்டு, காப்பு நகலிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

"அடுத்த தலைமுறையான டிடிஆர் 5 ரேமில் இசிசி உள்ளேயே இருக்கிறதே" என்று சில கடைக்காரர்கள் சொல்வார்கள். அது பாதி உண்மை. டிடிஆர் 5 சிப் தனக்குள் நேரும் பிழையைத் தானே திருத்திக்கொள்கிறது; சிப்பிலிருந்து பிராசசர் வரை தரவு பயணிக்கும் வழியில் நேரும் பிழையை அது காக்காது, திருத்தியதை உங்களுக்கு அறிவிப்பதும் இல்லை. முழுமையான இசிசி வேண்டுமானால் ரேம், மதர்போர்டு, பிராசசர் மூன்றும் அதை ஏற்க வேண்டும்.

ஆகவே வியாபாரி காட்டிய இரண்டையும் விட்டு மூன்றாவது வழி ஒன்றைப் பரிந்துரைக்கிறேன். டெஸ்க்டாப் பிராசசரின் அதே வேகக் கோர்களை வைத்துக்கொண்டு இசிசி வசதியை உறுதியாகத் தரும் சிறிய சர்வர் பிராசசர்கள் இருக்கின்றன. இன்டெலின் ஸியான் இ-2400 வரிசை எட்டுக் கோர் வரையிலும், அதன் போட்டி நிறுவனமான ஏஎம்டி 2024-ல் வெளியிட்ட எபிக் 4004 வரிசை பதினாறு கோர் வரையிலும் கிடைக்கும். பிந்தையது ரைசன் டெஸ்க்டாப் பிராசசர் அமரும் அதே ஏஎம் 5 சாக்கெட்டில்தான் (மதர்போர்டில் பிராசசரைப் பொருத்தும் இடம்) அமர்கிறது. இதற்குப் பணம் இடம் கொடுக்காவிட்டால், நீங்கள் பார்த்த ஐ5-14500-ஐயே டபிள்யூ680 சிப்செட் (பிராசசருக்குத் துணை நிற்கும் சிப்) உள்ள மதர்போர்டில் பொருத்தினாலும் இசிசி ரேம் வேலை செய்யும். வழக்கமான பி760 மதர்போர்டில் செய்யாது. பில் போடும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

மீதிப் பணத்தைப் பிராசசரில் போட வேண்டாம். மின்சாரம் போனாலும் கையிலுள்ள தரவை எழுதி முடிக்கும் அளவுக்கு மின்தேக்கி வைத்த, சர்வர்களுக்கென்று செய்யப்படும் எஸ்எஸ்டி இரண்டை வாங்கி, ஒன்றின் நகலாக மற்றொன்று இயங்குமாறு அமையுங்கள். தரவுத்தளம் பெரும்பாலும் காத்திருப்பது பிராசசருக்காக அல்ல, வட்டுக்காகத்தான். தினசரி காப்பு நகல் ஆலைக்கு வெளியே ஓரிடத்தில் இருக்கட்டும்.

கேள்வி: ஓசூர் சிப்காட் பகுதியில் டை (உலோகத்துக்கு உருக்கொடுக்கும் அச்சு), ஜிக் (வேலை செய்யும்போது பாகத்தைப் பிடித்துக்கொள்ளும் சாதனம்) வடிவமைக்கும் சிறிய டூல் ரூம் நடத்துகிறோம். முப்பரிமாண வரைபடம், கணினி இயக்கும் சிஎன்சி இயந்திரத்துக்கான கருவிப்பாதை, அவ்வப்போது அழுத்தச் சோதனைக்கான சிமுலேஷன் ஆகியவை செய்கிறோம். பொறியியல் வேலைக்கு ஸியான் பொருத்திய ஒர்க் ஸ்டேஷன்தான் சரி என்கிறார்கள். உண்மையா?

பதில்: அந்தப் பேச்சுக்கு ஒரு காலத்தில் பொருள் இருந்தது, இன்று வேலையைப் பிரித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஒரு பாகத்தை வரைந்து, அளவை மாற்றி, மாதிரி மீண்டும் உருவாகும்வரை காத்திருக்கிறீர்களே, அந்தக் காத்திருப்பு பெரும்பாலும் ஒரே கோரின் வேகத்தைப் பொறுத்தது. ஒவ்வொரு படியும் முந்தைய படியின் விளைவைச் சார்ந்திருப்பதால் அதைப் பலருக்குப் பங்கிட முடியாது. ஆகவே வரைபவர்களின் மேசைக்கு வேகமான டெஸ்க்டாப் பிராசசரே பொருத்தம், 4.5 கிகாஹெர்ட்ஸில் தொடங்கி 5.7 வரை செல்லும் ரைசன் 9 7950எக்ஸ் போன்ற ஒன்றில் பதினாறு கோர்களும் கூடவே வருகின்றன.

சிமுலேஷன் வேறு கதை. கணக்கைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்கலாம். ஆனால் அத்தனை கோர்களுக்கும் ரேமிலிருந்து தரவு வந்து சேர வேண்டுமே! டெஸ்க்டாப் பிராசசருக்கு ரேம் வழிகள் இரண்டுதான். டிடிஆர் 5-5600 ரேம் போட்டால் நொடிக்கு 89.6 கிகாபைட் அளவுக்கு மேல் அந்த வழிகள் தாங்காது. ஏஎம்டியின் பெரிய சர்வர் பிராசசரான எபிக் 9004 வரிசைக்கு வழிகள் பன்னிரண்டு. டிடிஆர் 5-4800 ரேமிலேயே நொடிக்கு 460.8 கிகாபைட். பெரிய சிமுலேஷனில் டெஸ்க்டாப்பின் பதினாறு கோர்களில் பாதி, தரவு வரும்வரை கைகட்டி நிற்பது இதனால்தான். இரண்டுக்கும் நடுவே, நான்கு அல்லது எட்டு ரேம் வழிகள் கொண்ட ஸியான் டபிள்யூ, ரைசன் த்ரெட்ரிப்பர் வரிசைகளும் உள்ளன.

எத்தனை கோர் வரை பணம் போடலாம் என்பதற்கு 1967-ல் ஜீன் ஆம்டால் என்ற கணினி வல்லுநர் முன்வைத்த வாதம் இன்றும் உதவுகிறது. வேலையில் பத்தில் ஒரு பங்கு பிரிக்க முடியாததாக இருந்தால், கோர்களை எவ்வளவு கூட்டினாலும் பத்து மடங்குக்கு மேல் வேகம் வராது. பாதி பிரிக்க முடியாததாக இருந்தால் இரண்டு மடங்கோடு நின்றுவிடும். நீங்கள் சிமுலேஷன் செய்வது "அவ்வப்போது" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் எல்லா மேசைகளுக்கும் டெஸ்க்டாப் வாங்கிவிட்டு, சிமுலேஷனை இரவில் ஓடவிடுங்கள். காலையில் விடை இருந்தால் போதும் என்ற வேலைக்கு எபிக் வாங்குவது, வாரச் சந்தைக்குப் போய்வரப் பதினாறு சக்கர லாரி வாங்குவதைப் போன்றது.

கேள்வி: தருமபுரியில் திருமண வீடியோ எடுத்துத் தொகுத்துக் கொடுக்கிறேன். சர்வர் பிராசசர் போட்டால் வீடியோ விரைவாக வெளிவருமா?

பதில்: பெரும்பாலும் வராது. உங்கள் கேமரா எச்.264, எச்.265 முறைகளில் சுருக்கித் தரும் கோப்புகளைப் பிரித்துக் காட்டுவதற்கென்றே இன்டெல் டெஸ்க்டாப் பிராசசர்களின் உள்ளிணைந்த கிராபிக்ஸில் தனிச் சுற்று இருக்கிறது. பெரிய ஸியான்களில் அந்தக் கிராபிக்ஸே கிடையாது. பெயரின் முடிவில் 'எஃப்' என்ற எழுத்து உள்ள இன்டெல் டெஸ்க்டாப் பிராசசர்களிலும் அது இருக்காது என்பதால் அவற்றையும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: அரூரில் இருந்து எழுதும் கல்லூரி மாணவன். லினக்ஸ், மெய்நிகர் கணினிகள், நெட்வொர்க் ஆகியவற்றை வீட்டிலேயே பழக விரும்புகிறேன். கையில் உள்ள பணம் குறைவு. பழைய ஸியான் இ5 வாங்குவது முட்டாள்தனமா?

பதில்: இல்லை, தம்பி. ஆலைக்காரருக்கு வேண்டாம் என்று சொன்ன அதே பிராசசரை உங்களுக்கு வாங்கச் சொல்கிறேன். ஒரே கணினிக்குள் எட்டுப் பத்து சிறு கணினிகளை ஓடவிட்டுப் பழகுவதற்குக் கோர்களின் எண்ணிக்கையும் நிறைய ரேமும்தான் வேண்டும். ஒவ்வொன்றும் மெதுவாக ஓடினால் யாருக்கும் நட்டமில்லை. பழகும் நேரத்தில் மட்டும் இயக்குவதால் மின் கட்டணமும் பெரிதாக வராது. இரண்டு பிராசசர் வேண்டாம், ஒன்று போதும்.

வாங்கும்போது சிலவற்றைப் பாருங்கள். சர்வர்களிலிருந்து கழற்றி விற்கும் 'ரிஜிஸ்டர்ட்' வகை ரேம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அது சாதாரண டெஸ்க்டாப் மதர்போர்டில் இயங்காது. பிராசசரின் உலோக மூடியில் மாதிரி எண்ணுக்குப் பதிலாக 'இன்டெல் கான்ஃபிடென்ஷியல்' என்று பொறித்திருந்தால், அது விற்பனைக்கு முன் சோதனைக்காகச் செய்யப்பட்டது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். படம் தெரிய ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டு தேவைப்படும். விண்டோஸ் 11-க்கான அதிகாரபூர்வப் பட்டியலில் இந்தப் பிராசசர் இல்லை. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. நீங்கள் லினக்ஸ் பழகத்தானே போகிறீர்கள், அதில் சிக்கல் இருக்காது. ஓசூர் வழியாக எஸ்.பி. சாலைக்கே நேரில் போனால், கடையிலேயே ஒரு மணி நேரம் முழுச் சுமையில் ஓடவிட்டு, வெப்பம் எங்கே போய் நிற்கிறது என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.