பெரோவ்ஸ்கைட் (ஒளியை உறிஞ்சும் ஒருவகைப் படிகப் பொருள்) சோலார் செல்லை வெற்றிடத்தில் ஆவியாக்கிப் படியவைத்து, வேலையை ரோபோவிடம் விட்டால் கைப்பிசகு தீர்ந்துவிடுமா?

கைப்பிசகு பெரும்பாலும் தீரும். அந்த இடத்தில் வேறொரு பிசகு வந்து உட்கார்ந்துகொள்ளும். கரைசல் முறை, வெற்றிட முறை இரண்டிலும் செல் செய்தவன் என்பதால் சொல்கிறேன்.

ஸ்பின் கோட்டிங்கில், அதாவது கரைசலைத் தட்டில் ஊற்றிச் சுழற்றிப் படலமாக்கும் முறையில், தட்டு சுழன்றுகொண்டிருக்கும்போதே, படிகமாகத் தூண்டும் குளோரோபென்சீன் திரவத்தை ஒரே வீச்சில் விடவேண்டும். சில வினாடி முந்தினாலோ பிந்தினாலோ படலம் மங்கிப்போகும். சரியாக விழுந்தால் 100 டிகிரிச் சூட்டில் கண்ணாடி மாதிரி மின்னும் கருப்பு வரும். கையுறைப் பெட்டியின் தடித்த ரப்பர் கைகளை மாட்டிக்கொண்டு மனதுக்குள் வினாடி எண்ணுவேன். அப்படியும் காலையில் செய்த செல்லும் மாலையில் செய்த செல்லும் ஒன்றுபோல் இருந்ததில்லை. இங்கே ரோபோ உண்மையிலேயே வரம்: அதே உயரம், அதே வேகம், அதே வினாடி.

வெற்றிட முறையில் கரைப்பானே கிடையாது. லெட் அயோடைடையும் மெத்தில் அம்மோனியம் அயோடைடையும் தனித்தனிக் கிண்ணங்களில் சூடாக்கினால், இரண்டும் ஆவியாகி மேலே உள்ள கண்ணாடியில் சேர்ந்து படியும். 2009இல் ஜப்பானில் மியாசாகா குழு செய்த முதல் பெரோவ்ஸ்கைட் செல்லின் திறன் (ஒளியை மின்சாரமாக்கும் அளவு) 3.8 விழுக்காடுதான். 2013இலேயே ஆக்ஸ்ஃபோர்டில் ஸ்னெய்த் குழு ஆவிப் படிவு முறையில் 15 விழுக்காட்டைத் தாண்டிவிட்டது.

சிக்கல் அந்த மெத்தில் அம்மோனியம் உப்பில். லெட் அயோடைடு கிண்ணத்திலிருந்து நேராக மேலே போகும், சாது. இதுவோ சாம்பிராணிப் புகை மாதிரி அறை முழுக்கப் பரவும், சுவரில் ஒட்டிக்கொள்ளும், அடுத்த முறை சூடானதும் அங்கிருந்து கிளம்பி வரும். தடிமனை அளக்கும் குவார்ட்ஸ் சென்சார் இதன் விஷயத்தில் காட்டும் எண்ணை அப்படியே நம்ப முடியாது. கணினியோ அந்த எண்ணைத்தான் வேதவாக்காக எடுத்துக்கொண்டு சூட்டைக் கூட்டும், குறைக்கும். தானியங்கி இருந்தும் செல் கெடுவது இப்படித்தான். அதனால் பலர் சென்சாரை விட்டுவிட்டு அறையின் அழுத்தத்தைப் பார்த்து ஓட்டுகிறார்கள். மெத்தில் அம்மோனியத்துக்குப் பதிலாக ஃபார்மமிடினியம், சீசியம் பக்கம் நகர்ந்தவர்களும் உண்டு.

வேகமும் குறைவு. வினாடிக்கு ஒரு ஆங்ஸ்ட்ராம் (நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) என்றால் 500 நானோமீட்டர் சேர ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அப்புறம் ஏன் இதை விடாமல் பிடித்திருக்கிறார்கள்? சிலிக்கான் செல்லின் மேல்பரப்பில் மைக்ரோமீட்டர் அளவுப் பிரமிடுகள் இருக்கும். கரைசலை ஊற்றினால் பள்ளத்தில் தேங்கி, முனை மொட்டையாக நிற்கும். ஆவி சரிவெங்கும் போர்வை மாதிரி மூடும். சிலிக்கான் மேல் பெரோவ்ஸ்கைட்டை அடுக்க நினைப்பவர் வெற்றிட முறையைப் பிடித்துக்கொள்ள இது ஒன்றே போதுமான காரணம் என்பேன்.

நீங்கள் இறங்குவதாக இருந்தால் ஒன்று: அறையைக் கழுவிய பிறகு வரும் முதல் சில தட்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். எனக்கு அவை மஞ்சள் பாரித்துத்தான் வந்தன. அந்த உப்பால் சுவர் நிறையும் வரை பொறுத்துத்தான் ஆகவேண்டும்.