அபார்ட்மென்ட்டில் மூன்று பாம்பு: மாதச் சம்பளத்துக்குப் பிடிக்க ஆள் வைக்கலாமா?

கேள்வி: பெங்களூரு ராமமூர்த்தி நகர் பக்கம் அபார்ட்மென்ட்டில் இருக்கிறோம், பின்னால் ராஜகாலுவே, அதாவது பெரிய மழைநீர்க் கால்வாய், ஓடுகிறது. மே மாத மழைக்குப் பிறகு மூன்று பாம்பு பார்த்தாகிவிட்டது. ஒன்று கால்வாய் ஓரம் கழுத்தை விரித்து நின்றது, வாட்ச்மேன் நாகரஹாவு (நல்ல பாம்பு) என்றார், படம் அனுப்பியிருக்கிறேன். ஒன்று பட்டப்பகலில் குப்பைத்தொட்டிப் பக்கம் ஓடிய நீளமான மஞ்சள் பழுப்புப் பாம்பு. இன்னொன்று ராத்திரி மாடிப்படிச் சுவரில் ஏறிக்கொண்டிருந்த, பட்டை போட்ட சின்னப் பாம்பு. மாதாமாதம் பணம் வாங்கிக்கொண்டு மருந்து தெளித்து, பாம்பு வந்தால் பிடித்துப் போவதாக ஒருவர் சொல்கிறார், அசோசியேஷனும் சம்மதித்துவிடும் போல. ஏரிக்கரையில் எடுத்த பாம்பு, தவளைப் படங்களும் என்னிடம் இருக்கின்றன. அவற்றால் யாருக்காவது பயன் உண்டா? அதற்கு அனுமதி வேண்டுமா?

பதில்: முதலில் அந்த ஒப்பந்தத்தில் யாரும் கையெழுத்துப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் முதல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வாட்ச்மேன் நாகரஹாவு என்று சொன்னதில் தப்பில்லை, கழுத்தைத் தட்டையாக்கித் தலையைத் தூக்கினால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் கண்ணுக்குக் கீழே ஒன்று, கண்ணுக்குப் பின்னால் ஒன்று என இரண்டு சாய்ந்த கறுப்புக் கோடுகள் தெரிகின்றன பாருங்கள். உடம்பில் சதுரங்கக் கட்டம் மாதிரிப் புள்ளிகள். இது தண்ணீர்ப் பாம்பு. மீனும் தவளையும் தின்னும், விஷம் கிடையாது, ஆனால் கையில் பிடித்தால் தயங்காமல் கடிக்கும். ராஜகாலுவே ஓரம் குடியிருந்துகொண்டு இதைப் பார்க்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். இரண்டாவது சாரை, கன்னடத்தில் கேரே ஹாவு. பெரிய உருண்டைக் கண், உதட்டுச் செதில்களின் ஓரத்தில் கறுப்புக் கோடு, பகல் நேரம், குப்பைத்தொட்டி எல்லாம் பொருந்துகிறது. அது எலிக்கு வந்தது.

உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னாராமே, சாரை வந்தால் நல்ல பாம்பும் வரும், இரண்டும் ஜோடி என்று. இதை இன்னும் எத்தனை காலத்துக்குக் கேட்கப்போகிறேனோ. சாரை ஒரு இனம், நல்ல பாம்பு வேறு இனம், இரண்டும் சேராது. இரண்டு பாம்பு பின்னிக்கொண்டு எழும்பி நிற்பதைப் பார்த்து இணைசேர்கிறது என்கிறோமே, அது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள் போடும் மல்யுத்தம். ஒன்றை அடித்தால் ஜோடி பழிவாங்க வரும் என்பதும் அப்படித்தான். பாம்புக்குக் குடும்பம் கிடையாது.

மூன்றாவது பாம்பைப் பற்றித்தான் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். இதுவரை சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்று நீங்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டால் மாட்டிக்கொள்ளும் இடம் இது ஒன்றுதான். சுவரில் ஏறியது என்பதால் வெள்ளிக்கோல் வரையனாக இருக்க வாய்ப்பு அதிகம், சிலர் அதை ஓநாய்ப் பாம்பு என்பார்கள். பல்லி தின்ன வரும், விஷமில்லாதது. ஆனால் அதே அளவில், அதே மாதிரிப் பட்டையோடு இருக்கிற இன்னொன்று கட்டுவிரியன், நம் ஊர்ப் பாம்புகளில் விஷம் மிகக் கடுமையானவற்றில் ஒன்று. வரையனுக்குப் பட்டைகள் கழுத்திலிருந்தே பளிச்சென்று தொடங்கி வால் பக்கம் மங்கிப்போகும். கட்டுவிரியனுக்கு நேர்மாறு: கழுத்துப் பக்கம் பட்டை இல்லாமலோ மங்கலாகவோ இருக்கும், வால் பக்கம் போகப்போகத் தெளிவாகும், முதுகு நடுவில் ஒரு வரிசைச் செதில் மட்டும் அறுகோணமாகப் பெரிதாக இருக்கும். சரி, இதைப் படத்தில் சாவகாசமாகப் பார்க்கலாம். ராத்திரி பதினொரு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில், குழந்தை அலறும்போது யாரும் அறுகோணம் எண்ண மாட்டார்கள். குட்டிகளுக்கு இந்த அடையாளங்கள் முழுசாகப் பொருந்தாமலும் போகலாம். அதனால் வீட்டுக்குள் ராத்திரியில் பட்டை போட்ட பாம்பு வந்தால் அது கட்டுவிரியன்தான் என்று வைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள்: அறைக் கதவைச் சாத்தி, கதவிடுக்கில் துணியை அடைத்து, ஆள் வரும்வரை தூரத்திலிருந்து பாருங்கள். தரையில் படுத்துத் தூங்குகிறவரைத்தான் அது அதிகம் கடிக்கும், கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ பெரும்பாலும் இருக்காது. விடிகாலையில் வயிற்றுவலி, கண்ணிமை சரிகிறது என்று ஒருவர் சொன்னால், பாம்பை யாருமே பார்க்காவிட்டாலும் 108ஐக் கூப்பிடுங்கள். கசாயம், கல், கட்டு, வாயால் உறிஞ்சுவது எதுவும் வேண்டாம்.

இனி உங்கள் ஒப்பந்தக்காரர். பாம்பு வராமல் தடுக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து எதுவும் கிடையாது. பினாயில், கந்தகம், பூச்சி உருண்டை, பூண்டுக் கரைசல் என்று எதைத் தெளித்தாலும் அந்த வாடைக்காகப் பாம்பு ஊரைவிட்டுப் போகாது. கால்வாயில் இருக்கிற தவளையும் மீனும்தான் சாகும். அடுத்து, பிடிப்பது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாம்பு பிடிக்க அனுமதி வேண்டும், மாதச் சம்பளத்துக்குப் பிடிப்பதற்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்று அவரிடம் ஒரு தாளைக் காட்டச் சொல்லுங்கள். பையில் பாம்போடு வந்து உங்கள் செடிக்கு அடியிலிருந்து எடுப்பது போல எடுத்துக் காட்டி, தலைக்கு இவ்வளவு என்று வசூல் பண்ணுகிற கூட்டம் இந்த ஊரில் இருக்கிறது. இன்னொரு கூட்டம் ரீல்ஸுக்காகப் பாம்பைக் கழுத்தில் போட்டு முத்தம் கொடுக்கும். இரண்டு பேரையும் கேட்டுக்குள் விடாதீர்கள்.

நேர்மையான ஆளே பிடித்தாலும் உங்கள் பிரச்சினை தீராது. குப்பை இருக்கும்வரை எலி இருக்கும், எலி இருக்கும்வரை அந்த இடத்துக்கு வேறு பாம்பு வரும். பிடித்ததை எங்கே விடுகிறார்கள்? பத்து கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஏரிக்கரையில், இன்னொரு லேஅவுட்டுக்குப் பின்னால். மேற்குத் தொடர்ச்சி மலைக் காடான ஆகும்பேயில் பிடித்து வேறிடத்தில் விட்ட ராஜநாகத்துக்கு ரேடியோ கருவி பொருத்திப் பின்தொடர்ந்தார்கள், அது புது இடத்தில் தங்காமல் வெகுதூரம் அலைந்தது. தெரியாத இடத்தில் ஒளியப் பொந்து தெரியாது, இரை தெரியாது, ரோட்டில் ஏறிச் சாகும், இல்லாவிட்டால் இன்னொருவர் வீட்டுக்குள் நுழையும்.

வீட்டுக்குள் வந்துவிட்டது, போகவும் வழியில்லை என்றால் மட்டும் வனத்துறையின் 1926 எண்ணைக் கூப்பிடுங்கள். ஏரி ஒரு துறை, கால்வாய் ஒரு துறை, பாம்பு ஒரு துறை என்று பிரித்து வைத்திருப்பதால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டும் வைபவம் நடக்கலாம், பொறுமையாக இருங்கள். அதைவிட எனக்கு எரிச்சலூட்டுவது வேறு: ஒரு மழைக்காலத்தில் பெங்களூரில் பிடிபடும் பாம்புகள் எந்தத் தெருவில் பிடிபட்டன, எங்கே விடப்பட்டன என்பது தன்னார்வலர்களின் வாட்ஸ்அப்பிலேயே மக்கிப்போகிறது. 2024 பிப்ரவரியில் கர்நாடகம் பாம்புக்கடியை அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய நோயாக அறிவித்தது, நல்ல விஷயம்தான். ஆக, கடித்தால் கணக்கில் வரும். கடிக்காமல் நம் நடுவில் வாழ்ந்துவிட்டுப் போகிற பாம்பு எந்தப் பதிவேட்டிலும் வராது.

உங்கள் படங்களுக்கு மதிப்பு அங்கேதான். பொது இடத்தில் தூரமாக நின்று படம் எடுக்க அனுமதி தேவையில்லை. பன்னர்கட்டா மாதிரிக் காட்டுக்குள் போவதென்றால் வேண்டும். ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் என்று யாரும் பார்த்த உயிரினங்களைப் பதியும் இணையதளங்கள் இருக்கின்றன, அவற்றில் ஏற்றுங்கள், பார்த்துச் சரிசெய்ய ஆள் இருக்கிறார்கள். தேதி, நேரம், இடம் சரியாக இருக்கட்டும், கூடவே ஒரு வரி: மழை பெய்ததா, பாம்பு என்ன செய்துகொண்டிருந்தது. ‘சாரை, பார்த்தேன்’ என்பதைவிட ‘சாரை, மதியம், குப்பைத்தொட்டிக்கு அடியிலிருந்து எலியோடு வெளியே வந்தது’ என்பது எத்தனையோ மடங்கு உதவும். ரோட்டில் நசுங்கிக் கிடந்தாலும் படம் எடுங்கள், அதுவும் பதிவுதான். நல்ல கோணத்துக்காகக் குச்சியால் கிளறுவது, கல்லைப் புரட்டுவது மட்டும் கூடாது.

தவளைக்குப் படமே வேண்டாம், போனில் சத்தத்தைப் பதிந்தால் போதும், பெரும்பாலும் இனத்தைச் சொல்லிவிடலாம். தவளைதானே என்று விட்டுவிடாதீர்கள். பெங்களூரின் பெயரையே தாங்கிய ஒரு வளைதோண்டித் தவளை, நகரத்துக்கு வெளியே ராஜானுகுண்டே பக்கம் கிடைத்து, 2020இல்தான் புது இனமாக விவரிக்கப்பட்டது. இத்தனை கம்பெனி, இத்தனை கல்லூரி இருக்கிற ஊரில்! அந்த வகைத் தவளைகள் வருஷத்தில் பெரும்பகுதி மண்ணுக்குள் இருக்கும், முதல் நல்ல மழை ராத்திரிகளில்தான் வெளியே வந்து கத்தும். நீங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கும் நேரம் அது.

மண்ணுளிப் பாம்பு, நட்சத்திர ஆமை இரண்டும் கண்ணில் பட்டால் மட்டும் இடத்தை மறைத்துப் போடுங்கள், பதிவேற்றும்போதே அதற்கு வசதி இருக்கிறது. மண்ணுளியை இரட்டைத்தலைப் பாம்பு என்று சொல்லி, லட்சம், கோடி என்று விலை பேசி ஏமாற்றும் தரகர்கள் சுற்றுகிறார்கள். அதற்கு மருந்துச் சக்தியும் இல்லை, இரண்டு தலையும் இல்லை, வால் மொண்ணையாக இருக்கிறது, அவ்வளவுதான். வாங்கினாலும் விற்றாலும் ஜெயில். படத்தைப் பார்த்து யாராவது போன் செய்து, ‘எந்த ஏரி சார்?’ என்று குழைந்தால் எண்ணை பிளாக் செய்யுங்கள்.

அசோசியேஷன் கூட்டத்தில் அந்த மாதப் பணத்தை வேறு வேலைக்குக் கேளுங்கள். குப்பைத்தொட்டிக்கு மூடி, எலிவளைகளை அடைக்கச் சிமெண்ட், கால்வாயிலிருந்து உள்ளே வரும் குழாய்களின் வாயில் நெருக்கமான கம்பிவலை, தரைத்தள வீட்டுக் கதவுகளின் அடியில் ரப்பர் பட்டை. அப்புறம், விஷமுறிவு மருந்து எந்த ஆஸ்பத்திரியில் இருபத்து நாலு மணி நேரமும் கையிருப்பில் இருக்கிறது என்று யாராவது ஒருவர் நேரில் போய்க் கேட்டு, போன் நம்பரோடு லிஃப்ட்டுக்குள் ஒட்டட்டும். போர்டில் ‘எமர்ஜென்சி’ என்று எழுதியிருப்பதை நம்பி ஒட்டாதீர்கள். மருந்து இருக்கிறதா என்று கேட்டு, இருக்கிறது என்று சொன்னவரின் பெயரையும் குறித்துக்கொண்டு ஒட்டுங்கள்.